கிம் டூஹானின் கதையை அடுத்து எடுக்கப்போகிறவர்களுக்கு

கொரிய வரலாற்றுத் தொடர்களை எழுதுகிற, இயக்குகிற, தயாரிக்கிற எல்லோருக்கும்,

வணக்கம். கிம் டூஹானின் கதையை நீங்கள் மறுபடியும் எடுப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெருச் சண்டியராக இருந்து நாடாளுமன்றம் போனவர், விடுதலைப் போர்த் தளபதியின் மகன், பிரதமர் மீது மலத்தை வீசியவர் என்று ஒரே ஆளிடம் இவ்வளவும் சேர்ந்திருக்கும்போது எந்த எழுத்தாளருக்குத்தான் கை சும்மா இருக்கும்? 1990இல் அவர் கதை திரைக்கு வந்தது. 2002இலும் 2003இலும் 124 பகுதிகள் கொண்ட தொடராக ஓடியது. அதன் உச்சத்தில் பார்வையாளர் விகிதம் 50 சதவீதத்தைத் தாண்டியது. இன்னும் சில ஆண்டுகளில் வேறொரு இளம் நடிகர் அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு சியோலின் ஜோங்னோ தெருவில் நடந்து வருவார்.

அதற்கு முன்னால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 1945 முதல் 1948 வரையான மூன்று ஆண்டுகளை இந்த முறையாவது அடி வாங்கியவர்கள் பக்கம் நின்று எழுதுங்கள்.

உங்கள் தொடர்களைத் தமிழ்க் குரலிலும் சப்டைட்டிலோடும் பார்க்கிற எத்தனையோ பேரில் நானும் ஒருவர். கொரிய வரலாறு எங்கள் பள்ளிப் பாடத்தில் வருவதில்லை. நீங்கள் திரையில் எதைக் காட்டுகிறீர்களோ அதுதான் எங்களுக்குக் கொரிய வரலாறு. நீங்கள் விட்டுவிட்டதை நாங்களாகத் தேடிப் படித்தால்தான் உண்டு. பெரும்பாலானவர்கள் தேடுவதும் இல்லை. எங்கோ இருக்கிற ஒருவர் உங்களுக்கு ஏன் கடிதம் எழுத வேண்டும் என்றால், காரணம் இதுதான்.

அவருடைய இளமைக் காலத்தைப் பற்றி எனக்குப் பெரிய வழக்கு இல்லை. 1918இல் பிறந்தவர். 1920 அக்டோபரில் மஞ்சூரியாவின் சிங்ஷான்லியில் ஜப்பானியப் படையை எதிர்த்துப் போரிட்ட தளபதி கிம் ஜ்வா-ஜின் தன் தந்தை என்று சொன்னார். அந்தப் பிறப்பைப் பற்றி ஐயம் கிளப்பியவர்கள் உண்டு. குடும்பம் அவரை மகனாகவே ஏற்றிருக்கிறது. தளபதி 1930 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது பையனுக்குப் பதினொரு வயது. அதற்கப்புறம் சோங்க்யேசோன் ஓடையின் மேலிருந்த சுப்யோ பாலத்தடியில் பிச்சைக்காரர்களோடு வளர்ந்தேன் என்பது அவரே சொன்ன கதை. ஓடைக்கு வடக்கே ஜோங்னோ, கொரியர்களின் கடைத்தெரு. தெற்கே ஜப்பானியர்கள் ஹொன்மாச்சி என்று பெயர் வைத்து வாழ்ந்த பகுதி. வடக்கே உமிக்வான் திரையரங்கை ஒட்டிய தெருக்கள் டூஹானின் பிடிக்குள் வந்தன. ஹயாஷி என்பவரின் கும்பல் தெற்கில் இருந்தது. நாட்டை இழந்த மக்களுக்குத் தங்கள் தெருவிலாவது ஒரு கொரியன் தலைநிமிர்ந்து நடப்பதைப் பார்க்கிற ஆசை இருந்திருக்கும். அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்த ஹயாஷியே கொரியாவில் பிறந்தவர், அவருடைய கொரியப் பெயர் சொனு யோங்-பின் என்பதைச் சொல்ல வேண்டும். போரின் கடைசி ஆண்டுகளில் ஜப்பானிய அதிகாரத்தோடு ஒத்துப்போய் டூஹான் ஒரு தொண்டர் உழைப்புப் படையை நடத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்களைக் கட்டாய ராணுவச் சேர்ப்பிலிருந்து காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று அவர் தரப்பில் சொல்வார்கள். இருக்கலாம். அந்த விளக்கத்தையும் காட்டுங்கள், அந்தப் படையையும் காட்டுங்கள்.

இன்னொன்று. இந்தக் கதைகளில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1969 அக்டோபரில் தொடங்கிச் சில மாதங்கள் அவர் தோங்ஆ வானொலியில் உட்கார்ந்து தன் வாழ்க்கையைத் தானே சொன்னார். அந்த ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. மொழி தெரியாத எனக்கே அந்தக் குரலில் ஒரு கம்பீரம் தெரிகிறது. சொந்த மொழியில் கேட்பவர்கள் மயங்கியதில் வியப்பில்லை. யாரை எத்தனை அடி அடித்தேன், யார் எப்படி விழுந்தான் என்பதை எல்லாம் அடித்தவரே சொல்கிறார். விழுந்தவர்கள் யாரையும் அந்த நிகழ்ச்சிக்கு அழைக்கவில்லை. அவர்களில் பலர் உயிரோடு இல்லை, பலர் வடக்கே போய்விட்டார்கள், தெற்கில் மிஞ்சியவர்கள் அன்றைய ஆட்சியில் வாயைத் திறந்தால் கம்யூனிஸ்ட் என்று உள்ளே போக வேண்டியிருந்திருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உங்கள் திரைக்கதைகளுக்கு அடித்தளமாக இருப்பது எதிர்ப்பக்கச் சாட்சி இல்லாத இந்த ஒற்றை வாக்குமூலம்தான்.

சரி, அந்த மூன்று ஆண்டுகளுக்கு வருகிறேன்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. தெற்குப் பாதி அமெரிக்க ராணுவ ஆட்சியின் கீழ் வந்தது. டூஹான் முதலில் இடதுசாரி இளைஞர்களோடுதான் இருந்தார். பழைய கூட்டாளி ஜோங் ஜின்-யோங்கும் அதே பக்கம். பிறகு, தன் தந்தையைக் கொன்றது கம்யூனிஸ்டுகள் என்று ஒருவர் எடுத்துச் சொல்ல, அவர் வலதுபக்கம் தாவினார். தொடர்களில் இந்தக் கட்டம் பெரிய உணர்ச்சிக் காட்சியாக வரும். மகனின் கோபம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் கோபப்பட்ட அந்த மகனுக்கு ஓர் அமைப்பும் ஆட்களும் போலீசின் கண்சாடையும் எங்கிருந்து கிடைத்தன என்பதை உங்கள் காட்சிகள் ஓரமாகத் தொட்டுவிட்டுப் போய்விடுகின்றன.

அவர் சேர்ந்த தேஹான் ஜனநாயக இளைஞர் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தவர் யூ ஜின்-சான். 1970களின் தொடக்கத்தில் இதே யூ ஜின்-சான் உங்கள் நாட்டின் முதன்மை எதிர்க்கட்சிக்குத் தலைவராக இருந்தார். சியோல் மாநகரப் போலீஸ் தலைவர் ஜாங் தேக்-சாங் பின்னாளில் நாட்டின் பிரதமரே ஆனார். சந்துச் சண்டைக்காரன் ஒருவன் தானாகக் கிளம்பிப் போய்ச் செய்த வேலை இல்லை இது. கோட் சூட் போட்ட மனிதர்கள் திட்டம் போட்டார்கள், கைமுட்டி மட்டும் டூஹானுடையது. பிரதமரும் கட்சித் தலைவரும் ஆனவர்களை விட்டுவிட்டுக் கைமுட்டியை மட்டும் படம் எடுத்தால் அந்த அரசியல் அப்படியே தப்பித்துக்கொள்கிறது.

சியோலின் யோங்சான் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். விடுதலைக்குப் பின் அமெரிக்க நிர்வாகம் அரிசி வணிகத்தைக் கட்டுப்பாடில்லாமல் திறந்துவிட்டது. பதுக்கல் பெருகியது, விலை எகிறியது. உடனே திரும்பி உழவர்களிடமிருந்து கட்டாயமாக நெல் எடுக்கத் தொடங்கினார்கள். நகரத்தில் பங்கீட்டு அரிசி போதவில்லை. இந்த நேரத்தில் ரயில்வேயில் ஆட்குறைப்பு என்றும், மாதச் சம்பளத்தை நாள் கூலியாக மாற்றுகிறோம் என்றும் அறிவித்தார்கள். 1946 செப்டம்பர் 23 அன்று புசானில் ரயில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மறுநாளே அது சியோலுக்கு வந்து, நாடு முழுக்கப் பரவியது. அரிசி கொடு, சம்பளத்தைக் கூட்டு, ஆளைக் குறைக்காதே என்று கேட்டார்கள். எந்த ஊர்த் தொழிலாளியும் கேட்கிற கேள்விகள்தான்.

செப்டம்பர் 30 அன்று ஆயிரக்கணக்கான போலீசாரும் அவர்களோடு வலதுசாரி இளைஞர் அமைப்புகளின் ஆட்களும் யோங்சான் ரயில் பட்டறைக்குள் புகுந்தார்கள். தடி, துப்பாக்கி எல்லாம் இருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். டூஹானின் ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். மறுநாள் தேகு நகரத்தில் போலீஸ் சுட்டதில் போராட்டம் பெரும் எழுச்சியாகவே வெடித்தது. கம்யூனிஸ்டுகளை ஒழித்தேன் என்று டூஹான் வானொலியில் பேசியபோது அந்தக் குரலில் தயக்கம் எதுவும் இல்லை. திரையிலும் அது சண்டைக் காட்சியாகத்தான் வருகிறது: பின்னணி இசை ஏற, நாயகன் தொப்பியைக் கழற்ற, எதிரே பெயரில்லாத ஆட்கள் ஒவ்வொருவராக விழுவார்கள். அந்தப் பெயரில்லாத ஆட்கள் பழுதான இன்ஜினைச் சரிசெய்கிறவர்கள், கரி அள்ளிப் போடுகிறவர்கள். வீட்டில் அரிசிப் பானை காலியாக இருந்ததால் பட்டறையில் உட்கார்ந்தவர்கள்.

அடுத்து சிம் யோங். இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது. சிம் யோங் ஒரு நடிகர், இடதுசாரி. 1946இல் நாடகம் முடிந்து வெளியே வந்தவரைச் சுட்டார்கள். டூஹான் தரப்பின் வேலை என்றுதான் உங்கள் கதைகளும் சொல்கின்றன. அவர் பிழைத்துக்கொண்டார், பிறகு வடக்கே போய் அங்கும் நடித்தார். 2002 தொடரில் இந்தச் சம்பவத்துக்கு மருத்துவமனைக் காட்சி ஒன்றை எழுதினார்கள். குண்டு பட்ட இடத்தால் இனி ஆண்மை இல்லை என்று மருத்துவர் சொல்ல, சிம் யோங் அலறுவார். அந்த அலறல் உங்கள் இணையத்தில் பல ஆண்டுகளாக நகைச்சுவைத் துணுக்காகச் சுற்றுகிறது. வெட்டினார்கள், ஒட்டினார்கள், பாட்டுக்கு மெட்டாக வைத்தார்கள். பிள்ளைகளுக்கு அவர் யாரென்றே தெரியாது, அலறல் மட்டும் தெரியும்.

மேடையில் நடித்ததற்காக ஒரு கலைஞனைத் தெருவில் சுட்டார்கள். அது எப்படிச் சிரிப்பாக மாறியது? பார்வையாளர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காட்சிக்கு முன்னால் அவர் நடிப்பை, அவர் வாழ்க்கையை, மேடைக்குப் பின்னால் அவர் ஒப்பனை கலைப்பதை ஒரு நிமிடமாவது காட்டியிருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது. எழுத்தில் அவரை ஓர் ஆளாகவே வைக்கவில்லை. நீங்களும் நாடகக்காரர்கள்தான், சிம் யோங் உங்கள் குலத்தவர். மற்றவர்களுக்கு இல்லாவிட்டாலும் அவருக்காவது நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள்.

ஜோங் ஜின்-யோங்கின் கதை இன்னும் கொடியது. டூஹானோடு ஜோங்னோவில் ஒன்றாகத் திரிந்தவர். டூஹான் வலதுபக்கம் போனபோது அவர் இடதுபக்கமே நின்றுவிட்டார். 1947 ஏப்ரலில் அவரைப் பிடித்துக்கொண்டு போய், டூஹானின் அமைப்பு அலுவலகத்திலேயே அடித்துக் கொன்றார்கள். துப்பாக்கிச் சண்டை கிடையாது, எதிரெதிரே நின்ற வீரப் போட்டியும் கிடையாது. ஒரு கட்டடத்துக்குள் பல பேர் சேர்ந்து பழைய நண்பன் ஒருவனை அடித்தே கொன்றார்கள். இந்த வழக்கில் 1948இல் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் டூஹானுக்கு மரண தண்டனை விதித்தது. யாருடைய ஆட்சியில் போலீஸ் அவரை யோங்சானுக்கு அழைத்துப் போனதோ அதே ஆட்சியின் நீதிமன்றம்! தண்டனை நிறைவேறவில்லை. 1948 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் சிங்மன் ரீயின் தலைமையில் தென்கொரியக் குடியரசு அறிவிக்கப்பட்டது, அதற்கப்புறம் டூஹான் வெளியே வந்துவிட்டார். கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவர் ஆறே ஆண்டுகளில் நாடாளுமன்ற உறுப்பினர்.

1954 மே தேர்தலில் ஜோங்னோ மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாடாளுமன்றத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ரீ மீண்டும் மீண்டும் அதிபராகலாம் என்று அரசமைப்பைத் திருத்த ஆளுங்கட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. 203 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைத்ததோ 135. மூன்றில் இரண்டு என்பது 135.33 என்பதால் தீர்மானம் தோற்றது என்று அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்து, பின்னத்தைத் தள்ளிவிட்டால் 135தானே என்று சொல்லி நிறைவேறியதாக மாற்றிவிட்டார்கள். அந்தத் திருத்தத்தை எதிர்த்தவர்களில் டூஹான் ஒருவர். படித்த பெரியவர்கள் பலர் கைதூக்கிய இடத்தில் அவர் மறுத்தார்.

1961இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில நாட்களில் சியோல் தெருக்களில் ரவுடிகளை ஊர்வலமாக நடத்திக் காட்டினார்கள். முன்னால் நடந்தவர் தோங்தேமுன் பகுதித் தலைவர் லீ ஜோங்-ஜே, ரீயின் கட்சிக்கு அடியாள் வேலை பார்த்தவர். அந்த ஆண்டே அவரைத் தூக்கிலிட்டார்கள். டூஹான் அந்த வரிசையில் இல்லை. ஐம்பதுகளில் அவர் அந்தக் கட்சிக்குக் குண்டர் படை நடத்தவில்லை என்பதையும் அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். நான் அவர்மேல் வழக்குத் தொடுக்க வரவில்லை. கணக்கு முழுதாக எழுதப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

1965 நவம்பரில் இடைத்தேர்தல். ஜப்பானோடு போட்ட உடன்பாட்டை எதிர்த்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர் பதவி விலகியதால் காலியான இடங்கள். டூஹான் நின்று ஜெயித்த தொகுதி எது தெரியுமா? யோங்சான். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால் எந்த இடத்தில் தொழிலாளர்களை அடித்தாரோ அதே யோங்சான். அந்த வாக்குச்சாவடி வரிசையில் 1946இல் பட்டறையில் இருந்த யாராவது நின்றிருப்பார்களா? நின்றிருந்தால் யாருக்குக் குத்தியிருப்பார்கள்? எனக்குத் தெரிந்து இந்தக் கதையில் இதைவிடப் பெரிய நாடகம் இல்லை. ஆனால் எந்தத் தொடரும் இந்த வரிசையில் கேமராவை வைத்ததில்லை.

உறுப்பினரான இரண்டே மாதத்தில், 1966 ஜனவரியில், அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக அவரையே கைது செய்தார்கள். கம்யூனிஸ்டுகளை அடித்ததையே பெருமையாகச் சொல்லிவந்தவர் தேசப் பாதுகாப்பின் பெயரால் சிறைக்குப் போனார். நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு அவரை வெளியே கொண்டுவந்தது.

பிறகு எல்லோருக்கும் தெரிந்த அந்த நாள், 1966 செப்டம்பர் 22. உல்சானில் சாம்சங் குழுமம் கட்டிக்கொண்டிருந்த உர ஆலையின் பேரில், கட்டுமானப் பொருள் என்று சொல்லி ஜப்பானிலிருந்து சாக்கரின் என்ற செயற்கை இனிப்பின் மூலப்பொருளைக் கடத்தியிருந்தார்கள். ஐம்பது டன்னுக்கும் மேல். சுங்கத் துறை அபராதத்தோடு விஷயத்தை மூடிவிட, செப்டம்பர் நடுவில் ஒரு நாளிதழ் அதை வெளியே கொண்டுவந்தது. அவையில் விவாதம் நடக்கும்போது டூஹான் ஒரு பொட்டலத்தோடு மேடையேறினார். கொஞ்ச நேரம் பேசினார். பிறகு பொட்டலத்தில் இருந்ததைப் பிரதமர் சுங் இல்-க்வோன் மீதும் அமைச்சர்கள் மீதும் வீசினார். மக்கள் தரும் சாக்கரின், தின்னுங்கள் என்ற பொருள்படக் கத்தினார். பகோடா பூங்காவின் பொதுக் கழிப்பறையிலிருந்து அள்ளி வந்தது அந்த மலம். 1919 மார்ச் 1 அன்று விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்ட பூங்கா அது. அமைச்சரவை ராஜினாமாக் கடிதம் கொடுத்தது. உர ஆலையை அரசிடம் ஒப்படைப்பதாகச் சாம்சங் நிறுவனர் லீ பியுங்-சல் அதே நாள் அறிவித்தார். டூஹான் பதவியைத் துறந்து சோதேமுன் சிறைக்குப் போனார்.

அந்தச் செய்தியை முதலில் படித்தபோது நானும் கைதட்டினேன். கடத்தல்காரப் பணத்தின் எதிரே யாராவது ஒருத்தர் அப்படிச் செய்யமாட்டார்களா என்று ஏங்காத மக்கள் உண்டா? ஆனால் உங்கள் கதைகள் முடிகிற இடம் இதுவாகவே இருப்பதுதான் என் கவலை. மலம் வீசிய கையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே பார்வையாளர் எழுந்து போகிறார். ஜோங் ஜின்-யோங்கின் உடல் அந்தக் கைதட்டலில் காணாமல் போய்விடுகிறது.

இதற்கு உங்களிடமிருந்து என்ன பதில் வரும் என்று யோசித்தேன். அந்தக் காலம் அப்படி, இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டார்கள் என்பீர்கள். உண்மைதான், இடதுசாரிகளும் ஆட்களைக் கொன்றார்கள், தேகு எழுச்சியில் போலீஸ்காரர்கள் கோரமாகக் கொல்லப்பட்டார்கள். அதையும் எழுதுங்கள். அந்தக் கொலைகளைக் காட்டும்போது இறந்தவருக்கு முகமும் பெயரும் கொடுக்கிறீர்கள் அல்லவா, அதையே யோங்சானிலும் கொடுங்கள் என்கிறேன். குடும்பத்தார் மனம் புண்படும் என்பீர்கள். அவர் மகள் கிம் உல்-டோங் நடிகையாகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், பேரன் சோங் இல்-குக் பெயர்பெற்ற நடிகர். தாத்தா செய்ததற்கு அவர்கள் பதில் சொல்லத் தேவையில்லை. யாரும் கேட்கவும் கூடாது. ஆனால் இறந்துபோன தொழிலாளர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். எந்தத் தயாரிப்பு நிறுவனமும் அவர்கள் மனம் புண்படுமே என்று தயங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

டூஹான் 1972 நவம்பர் 21 அன்று, 54 வயதில் இறந்தார். 1961இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தலைவர் பார்க் சுங் ஹீயை ஏறக்குறைய வாழ்நாள் அதிபராக்கிய யூஷின் அரசமைப்புக்கு வாக்கெடுப்பு நடந்தது அதே நாளில்தான். 135.33 கணக்கை எதிர்த்தவர், தன் வாழ்வின் கடைசி நாளில் அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று நிறைவேறுவதைத் தடுக்க முடியாமல் போனார். இவ்வளவு சிக்கலான மனிதரை எழுத உங்களுக்கு வாய்த்திருக்கிறது. சண்டைக் காட்சிகளுக்காக அதை வீணடிக்காதீர்கள்.

நான் கேட்பது நடக்க முடியாத காரியம் அல்ல. வானொலி வாக்குமூலத்தைத் திரைக்கதையாக எடுத்துக்கொள்ளாமல், 1946, 1947 நாளிதழ்களையும் 1948 வழக்கின் ஆவணங்களையும் எழுத்தாளர் மேசையில் வையுங்கள். சிம் யோங்குக்கு ஒரு முழுப் பகுதி கொடுங்கள். அதில் அவர் நடிக்கட்டும். ஜோங் ஜின்-யோங்கை முதல் பகுதியிலிருந்தே டூஹானுக்குச் சமமான பாத்திரமாக வளர்த்து வாருங்கள், 1947 ஏப்ரலில் பார்வையாளர் யார் பக்கம் நிற்பது என்று தவிக்கட்டும். ஜாங் தேக்-சாங்கும் யூ ஜின்-சானும் பேசுகிற அறைக்குள் கேமரா போகட்டும். யோங்சான் பட்டறையில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு 1946 செப்டம்பரிலிருந்து 1965 வாக்குச்சாவடி வரை கூடவே வாருங்கள்.

அப்படி ஒரு தொடர் வந்தால் தமிழ்க் குரலோடும் வெளியிடுங்கள். நாங்கள் கடைசிப் பகுதி வரை பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களை விரும்பிப் பார்க்கும் ஒரு தமிழர்